பாரா கயாக் 200 மீட்டர்: இடுப்பைப் பார்த்தால் புரியும்

கயாக் என்பது உட்கார்ந்தபடி இருமுனைத் துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு; உடல் குறைபாடு உள்ளவர்கள் அதில் போட்டியிடுவது பாரா கயாக். ஆண்களுக்கான பாரா கயாக் ஓட்டத்தை முதன்முறை பார்ப்பவரின் கண் கைகளில்தான் நிற்கும். அகன்ற தோள்கள், சுழலும் துடுப்பு, தெறிக்கும் தண்ணீர். நாற்பது சொச்சம் விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் யார் எதனால் முந்தினார், ஏன் மூன்று தனித்தனி இறுதிப்போட்டிகள், ஏன் ஒரு பிரிவு மற்றதைவிட ஐந்து விநாடி மெதுவாக ஓடுகிறது என்பதெல்லாம் கையைப் பார்த்தால் விளங்காது. படகின் விளிம்புக்குக் கீழே, பாதி மறைந்திருக்கும் இடுப்பில்தான் விஷயம் இருக்கிறது.

சிக்கிக்கொண்ட ஓர் இழுப்பறையை நாற்காலியில் உட்கார்ந்தபடி இழுத்துப் பாருங்கள். கால்கள் தரையில் ஊன்றியிருந்தால் அது திறந்துவிடும். அதே கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு இழுங்கள்: இழுப்பறை வராது, நீங்கள்தான் அதை நோக்கிச் சரிவீர்கள். கை பலம் இரண்டு முறையும் ஒன்றுதான். ஊன்ற இடம் இல்லாதபோது அந்தப் பலம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. பாரா கயாக்கின் விதிகள், பிரிவுகள், இருக்கை, பட்டை எல்லாமே இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

கயாக்கில் துடுப்பு வலிப்பது காலில் தொடங்குகிறது. வலப்பக்கத் துடுப்பு தண்ணீருக்குள் இறங்கும் கணத்தில் வலது பாதம் முன்னால் உள்ள கால்பலகையை அழுத்துகிறது. முழங்கால் நிமிர்கிறது, வலது இடுப்பு பின்னால் போகிறது, அதோடு உடற்பகுதி திரும்புகிறது, தோள் பின்வாங்குகிறது. கை கடைசியில்தான் மடங்கும். இடது பாதமும் சும்மா இருப்பதில்லை. மேலே கட்டியிருக்கும் பட்டையை அது தன் பக்கம் இழுத்து இடுப்பின் திருப்பத்துக்கு உதவுகிறது. அடுத்த வலிப்பில் இரண்டு காலும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. பாதம், முழங்கால், இடுப்பு, உடற்பகுதி, தோள், கை, துடுப்பு என்று விசை ஒரு சங்கிலியாக ஏறி வருகிறது. இந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்திருக்கிறது என்பதுதான் பாரா கயாக்கில் ஒருவருடைய பிரிவு.

மூன்று பிரிவுகள்

கே.எல்.1, கே.எல்.2, கே.எல்.3 என்பவை அந்தப் பிரிவுகள். முதல் எழுத்து கயாக்கையும் இரண்டாவது எழுத்து நிலையையும் குறிக்கும். எண் கூடக் கூட உடலின் செயல்திறன் கூடுகிறது என்று பொருள்.

கே.எல்.1 வீரருக்குக் காலிலிருந்து விசை வராது. உடற்பகுதியும் இயங்காது, அல்லது மிகக் குறைவாகவே இயங்கும். தோளும் கையும் மட்டுமே இயந்திரம். கே.எல்.2 வீரர் படகில் நிமிர்ந்து உட்கார முடியும், உடற்பகுதியை ஓரளவு திருப்ப முடியும், கால் இயக்கம் மட்டுப்பட்டிருக்கும். பலருக்கு முதுகுச்சாய்வு தேவைப்படும். கே.எல்.3 வீரருக்கு உடற்பகுதி நன்றாக இயங்கும், முன்னால் சாய்ந்த நிலையில் உட்கார்ந்து வலிக்க முடியும், குறைந்தது ஒரு காலையோ செயற்கைக் காலையோ கால்பலகையில் அழுத்த முடியும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிரிவைத் தீர்மானிப்பது நோயின் பெயர் அல்ல. முதுகுத்தண்டு காயம் பட்ட இருவரில் ஒருவர் கே.எல்.1 ஆகவும் மற்றவர் கே.எல்.3 ஆகவும் இருக்கலாம். காயம் எந்த உயரத்தில், எவ்வளவு முழுமையாக ஏற்பட்டது என்பதைப் பொறுத்து அது மாறும். போட்டிக்குத் தகுதி தரும் குறைபாடுகள் மூன்று வகைதான்: தசை வலுக் குறைவு, மூட்டு அசைவின் வீச்சுக் குறைவு, உறுப்பு இழப்பு. வகைப்படுத்தும் நடுவர்கள் மூன்று இடங்களில் சோதிக்கிறார்கள். பெஞ்சில் உட்காரவைத்து முன்னே, பின்னே, பக்கவாட்டில் சாயவும் திருகவும் சொல்லி உடற்பகுதியைப் பார்க்கிறார்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றையும் மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, அழுத்தச் சொல்லிக் காலைப் பார்க்கிறார்கள். கடைசியில் தண்ணீரில் படகோட்டச் சொல்லிக் கவனிக்கிறார்கள். பெஞ்சில் காட்டிய பலவீனம் தண்ணீரிலும் அப்படியே தெரிகிறதா என்பதற்கு அந்தக் கடைசிச் சோதனை சாட்சி. இல்லாத குறையை வேண்டுமென்றே காட்டுவது விதிகளின்படி தண்டனைக்குரிய குற்றம்.

ஆஸ்திரேலியாவின் கர்டிஸ் மெக்ராத் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ராணுவப் பணியில் 2012ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் இரண்டு கால்களையும் இழந்தவர். டோக்கியோ பாராலிம்பிக்கில் கயாக்கில் 2ஆம் நிலைப் பிரிவிலும், வாஆ என்ற படகில் 3ஆம் நிலைப் பிரிவிலும் தங்கம் வென்றார். ஒரே உடல், ஒரே வாரம், இரண்டு எண். வாஆ பக்கவாட்டு மிதவை வைத்த படகு. ஒற்றைப் பக்கத் துடுப்பால் ஒரு புறமே வலிப்பார்கள். அங்கே கால்கள் மாறி மாறி அழுத்த வேண்டியதில்லை, உடற்பகுதியின் பங்கு பெரிது. கயாக்கிலோ மாறி மாறி வரும் கால் அழுத்தம் பெருமளவு விசையைத் தருகிறது. ஆகவே அதே கால் இழப்பு கயாக்கில் அதிகமாக உறைக்கிறது, எண்ணும் ஒன்று குறைகிறது.

காலும் இடுப்பும் எத்தனை விநாடி?

டோக்கியோவில் ஒரே நீர்த்தடத்தில் நடந்த ஆண்கள் 200 மீட்டர் ஓட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். கே.எல்.1இல் ஹங்கேரியின் பீட்டர் பால் கிஸ் வென்ற நேரம் 45.4 விநாடி. கே.எல்.2இல் மெக்ராத் 41.4. கே.எல்.3இல் உக்ரைனின் செர்ஹி யெமெலியானோவ் 40.4. சில வாரங்களுக்கு முன் ஒலிம்பிக்கில் அதே தூரத்தை ஹங்கேரியின் சாண்டோர் டோட்கா 35.0 விநாடியில் கடந்திருந்தார்.

கே.எல்.1க்கும் கே.எல்.3க்கும் இடையிலுள்ள ஐந்து விநாடி வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறக்குறைய சேர்ந்து கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் முப்படியோடு கூடுகிறது. 45.4 விநாடிக்காரர் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், 40.4 விநாடிக்காரர் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில். வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் அதற்குச் செலவாகும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். உடற்பகுதியும் காலும் கொண்டுவருவது அவ்வளவு. தோளையும் கையையும் மட்டும் வைத்துக்கொண்டு 200 மீட்டரை 45 விநாடியில் கடப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது இந்தக் கணக்கைப் போட்டபின்தான் முழுதாக உறைக்கும்.

ஒலிம்பிக் நேரத்தோடு நேரடியாக ஒப்பிடும்போது மட்டும் ஒன்றை மறக்கக்கூடாது: படகு வேறு.

படகு

இரண்டு வகைக் கயாக்குக்கும் அதிகபட்ச நீளம் 5.2 மீட்டர், குறைந்தபட்ச எடை 12 கிலோ. ஒலிம்பிக் படகுக்கு அகல வரம்பு இல்லாததால் அது 40 சென்டிமீட்டர் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. அதில் அசையாமல் உட்கார்ந்திருப்பதே பல மாதப் பயிற்சி. பாரா படகு குறைந்தது 50 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். இந்த அகலத்தைப் படகின் மேல்விளிம்பில் அளப்பதில்லை, அடிப்பாகத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். காரணம் எளிது: மேலே மட்டும் விரித்து, தண்ணீரில் படும் பகுதியை ஒடுக்கிக் கட்டிவிட்டால் விதியின் நோக்கமே கெட்டுவிடும். அகலம் கூடினால் நிலைத்தன்மை கூடும், தண்ணீரின் உராய்வும் கூடும்.

படகின் உள்ளே ஆளுக்கு ஆள் மாறுவது இருக்கைதான், பாரா கயாக்கில் அதிக யோசனை செலவாகும் இடமும் அதுவே. கே.எல்.1 வீரர் துடுப்பைப் பின்னால் இழுக்கும்போது துடுப்பு அவரை முன்னால் இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்க வயிற்றுத் தசையோ முதுகுத் தசையோ இல்லை. ஆகவே உயரமான முதுகுச்சாய்வும் மார்பைச் சுற்றிய பட்டையும் அந்த வேலையைச் செய்கின்றன. பட்டை தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வலிப்பிலும் உடல் சில சென்டிமீட்டர் முன்னால் போய்வரும். அந்த அசைவில் போன விசை படகுக்குச் சேராது. மிக இறுக்கினால் மார்பு விரியாமல் மூச்சு முட்டும், தோளுக்கு மிச்சமிருக்கும் கொஞ்சம் திருப்பமும் போய்விடும். சரியான இறுக்கம் பயிற்சியில்தான் பிடிபடும். பிடிபட்ட அளவைப் பட்டையில் குறியிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், ஏனென்றால் நனைந்த பட்டை கொஞ்சம் நெகிழும்.

கால்களையும் அணைத்து வைக்க வேண்டும். உணர்வில்லாத கால்கள் ஒரு பக்கமாகச் சரிந்தால் படகும் சரியும். முதுகுத்தண்டு காயம் உள்ள பலருக்குத் தசை திடீரென்று துடித்து இழுக்கும். ஓட்டத்தின் நடுவே அது வந்து, கால் ஒரு பக்கம் உதைத்தால் சமநிலை குலையும். முழங்கால்களுக்கு இடையிலும் இருபுறமும் அடர்த்தியான நுரைக்கட்டி வைத்து அடைப்பது இதனால்தான்.

எந்தப் பட்டையானாலும் ஒரே இழுப்பில், ஒரு கையால், தலைகீழாகத் தொங்கும்போதும் அவிழ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. படகைக் கவிழ்த்து, பட்டையை அவிழ்த்து வெளியே வரும் பயிற்சி, வேகப் பயிற்சிக்கு முன்னால் வர வேண்டியது. அவிழ்க்கும் நாடா படகுக்குள் மடங்கிக் கிடந்தால் தண்ணீருக்கடியில் கை அதைத் தேடித் தவிக்கும். கரையை விட்டுக் கிளம்பும் முன் நாடா வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கை மெத்தை பற்றிப் புதியவர்கள் அநேகமாக யோசிப்பதில்லை. உணர்வில்லாத இடத்தில் தோல் அழுந்திப் புண்ணானால் வலிக்காது, தெரியாது. தெரியவரும்போது வாரக்கணக்கில் படகைத் தொடமுடியாமல் போய்விடும். மெத்தை வைத்தால் தோல் தப்பிக்கும். ஆனால் மெத்தை உடலை உயர்த்துகிறது, உடல் உயர்ந்தால் புவியீர்ப்பு மையம் உயர்கிறது, படகு ஆடுகிறது. உடற்பகுதியால் ஆட்டத்தைச் சமாளிக்க முடியாதவருக்கு ஒரு சென்டிமீட்டர்கூடப் பெரிய வித்தியாசம். தண்ணீர் உறிஞ்சாத, மெல்லிய, அழுத்தத்தைப் பரப்பும் மெத்தையை வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் தோலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டே போக வேண்டும்.

சுக்கானைப் பொதுவாகக் கால் விரல்களால் திருப்புவார்கள். கால் இயங்காதவர்கள் அதை நேராகப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டிய சுக்கான் நேர்கோட்டில் போக உதவும், திருப்ப உதவாது. பக்கக்காற்றில் படகின் முனை காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். அப்போது ஒரு பக்கத் துடுப்பைக் கொஞ்சம் அகல வீசித்தான் சரிசெய்ய முடியும், அப்படிப்பட்ட ஒவ்வொரு வீச்சும் வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

துடுப்பு இரண்டு முனையிலும் பிளேடு வைத்தது. பிளேடு தட்டையாக இருக்காது, விமான இறக்கைபோலக் குழிந்து வளைந்திருக்கும். ஆகவே நேராகப் பின்னால் இழுக்காமல், படகிலிருந்து வெளிப்புறமாக விலகும் பாதையில் வலிக்கிறார்கள். பிளேடு பெரிதானால் ஒரு வலிப்புக்கு அதிக தூரம் கிடைக்கும், தோள் சீக்கிரம் சோரும். உடற்பகுதி உதவாதவர் பெரிய பிளேடைத் தேர்ந்தெடுப்பது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு: முதல் 100 மீட்டர் பிரமாதமாகப் போகும், அடுத்த 100இல் வலிப்பின் வேகம் விழுந்துவிடும். சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் அதே தோள்தான். அதற்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடைப்பதே இல்லை.

மிதவை மேடையிலிருந்து முடிவுக்கோடு வரை

ஓட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சக்கர நாற்காலியை மிதவை மேடையின் ஓரத்துக்கு இணையாக நிறுத்தி, பிரேக் போட்டு, முதலில் மேடைக்கு இறங்கி, பிறகு படகுக்கு மாற வேண்டும். மேடையும் ஆடும், படகும் ஆடும். உதவியாளர் படகை மேடையோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். வீரரின் இடுப்பு இருக்கையின் நடுவில் இறங்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளி இறங்கினாலும் படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும், வீரருக்கோ அது உணர்வில் தெரியாது. எதிரே நின்று பார்க்கும் உதவியாளரின் கண்தான் இங்கே அளவுகோல். அழைப்பு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு இதற்கென்று நேரம் ஒதுக்காத அணி, உடலைச் சூடுபடுத்தும் நேரத்தை இழக்கிறது. தாமதமாக வருபவருக்காகத் தொடக்கம் காத்திருக்காது.

தடங்கள் ஒவ்வொன்றும் 9 மீட்டர் அகலம், உலகப் போட்டிகளில் வழக்கமாக ஒன்பது தடங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு படகின் முனையும் கிண்ணம் போன்ற ஒரு பிடிக்குள் நிற்கும். ‘ரெடி’, ‘செட்’, பிறகு ஒலி. ஒலியோடு பிடி தண்ணீருக்குள் இறங்கிவிடும். முந்திக்கொண்டு வலித்தால் முனை பிடியில் மோதிப் பின்னால் உந்தப்படும். பிடி இறங்கும் நேரத்தில் படகு பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அடித்தால் முனை பிடியிலிருந்து நழுவும், அதைத் திருப்பி உள்ளே வைக்கச் சின்னச் சின்னத் தட்டல்கள் தேவை. ‘செட்’ சொல்லும்போது பிளேடு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பாதி வெளியே இருந்தால் முதல் வலிப்பில் காற்றையும் சேர்த்து இழுக்கும், பிளேடு வழுக்கும்.

முதல் ஐந்தாறு வலிப்புகள் கனமானவை, குறுகியவை. நிற்கும் படகை நகர்த்துவது அது. பிறகு வலிப்பின் வேகம் ஏறும். நிமிடத்துக்கு 130 வலிப்பு என்று வைத்துக்கொண்டால் 40 விநாடியில் 87 வலிப்பு, ஒவ்வொன்றுக்கும் 2.3 மீட்டர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், வேகமாகக் கை வீசுபவர் ஏன் பின்தங்குகிறார் என்பது தெரியும்: அவருடைய வலிப்பு ஒவ்வொன்றும் 2.3க்குப் பதில் 2.1 மீட்டர்தான் தருகிறது.

இடுப்பைப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். கே.எல்.3இல் முழங்கால்கள் மாறி மாறி எழுந்து தாழும், மார்பு ஒரு பக்கமும் மறு பக்கமும் திரும்பும். கே.எல்.2இல் மார்பு திரும்பும், முழங்கால் ஏறக்குறைய அசையாது. கே.எல்.1இல் மார்பு பட்டைக்குள் நிலையாக நிற்க, தோள்கள் மட்டும் சுழலும். படகின் முனையையும் கவனியுங்கள். அது வலிப்புக்கு வலிப்பு மேலும் கீழும் ஆடினால், வீரரின் உடல் முன்பின்னாக ஊசலாடுகிறது என்று பொருள். அமைதியாக ஓடும் முனை நல்ல இருக்கை அமைப்பின் அடையாளம்.

தடத்தின் நடுவிலுள்ள 4 மீட்டர் பகுதிக்குள் ஓட வேண்டும், அடுத்த படகிலிருந்து 5 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்துப் படகு எழுப்பும் அலையின் சரிவில் ஏறிக்கொண்டால் இலவசமாக வேகம் கிடைக்கும் என்பதுதான் இந்த விதிக்குக் காரணம்.

கடைசி 50 மீட்டரில் எல்லாரும் வேகம் இழப்பார்கள், குறைவாக இழப்பவர் முந்துவார். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பத்தில் ஒரு விநாடி என்பது அரை மீட்டர். படகின் முனை கோட்டைத் தொடும் கணமே கணக்கு, அதைக் கோட்டில் நிற்கும் கேமரா தீர்மானிக்கும். தகுதிச் சுற்றில் முதலிடம் பிடிப்பவர் பெரும்பாலும் நேராக இறுதிக்குப் போவார், மற்றவர்கள் அரையிறுதியைக் கடந்து வர வேண்டும். அதனால் தகுதிச் சுற்றில் முழுப் பலத்தோடு ஓடுவதில் பலன் உண்டு: ஒரு ஓட்டம் மிச்சம், ஒரு ஓட்டத்தின் சோர்வும் மிச்சம்.

இந்த விளையாட்டில் ‘உலக சாதனை’ என்று சொல்வதில்லை, ‘உலகின் சிறந்த நேரம்’ என்றே சொல்கிறார்கள். பின்காற்று அடிக்கும் நாளில் நேரம் சுருங்கும், எதிர்க்காற்றில் பல விநாடி நீளும். இரண்டு போட்டிகளின் நேரங்களை ஒப்பிடுவதற்கு முன் காற்று எப்படி இருந்தது என்று கேட்பது முறை.

வரலாறு குறுகியது. சர்வதேச கனோ கூட்டமைப்பின் உலகப் போட்டியில் 2009இல் கனடாவின் டார்ட்மவுத்தில் காட்சிப் போட்டியாக நுழைந்தது, 2010இல் போலந்தின் போஸ்னானில் பதக்கப் போட்டியானது. பாராலிம்பிக்கில் முதன்முதலாக 2016 ரியோவில், கயாக் மட்டும். ஆண்கள் பிரிவில் அன்று வென்றவர்கள் போலந்தின் யாகூப் டோகார்ஸ், மெக்ராத், யெமெலியானோவ். 2024 பாரிஸில் கிஸ்ஸும் மெக்ராத்தும் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள், கே.எல்.3இல் அல்ஜீரியாவின் பிராஹிம் கெந்தூஸ் வென்றார்.

கோட்டைக் கடந்ததும் ஓட்டம் முடிந்துவிடுவதில்லை. படகுகள் எடைச் சோதனைக்கு அழைக்கப்படலாம். தராசில் 12 கிலோவுக்குக் கீழே காட்டினால் வென்ற இடம் போய்விடும். கழற்றக்கூடிய பொருள்கள் எடையில் சேராது. ஆகவே எடை குறைவான படகுக்குச் சேர்க்கும் ஈடு, படகோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

அதே நேரத்தில் உதவியாளர் இன்னொன்றையும் கவனித்தாக வேண்டும். முதுகுத்தண்டில் உயரமான இடத்தில் காயம் உள்ளவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, அதனால் உடலின் வெப்பம் வெளியேற வழி குறைவு. வெயிலில் ஓடி முடித்தவர் சிரித்துக்கொண்டே பேசினாலும் உள்வெப்பம் ஏறிக்கொண்டிருக்கலாம். மிதவை மேடைக்கு வந்தவுடன், பட்டையை அவிழ்ப்பதற்கும் முன்னால், கழுத்துக்கும் கைகளுக்கும் நனைத்த துணி, குடிக்கத் தண்ணீர், தலைக்கு மேல் நிழல். நேரப்பலகையை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.